கடலுக்குப் போவோம், பத்திரமாகத் திரும்புவோம்

எங்கள் தோட்ட மாதர் சங்கம் வருடத்துக்கு ஒரு முறை சுற்றுலா போகும். மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் காசு சேர்த்து, பஸ் ஒன்றைக் கூலிக்குப் பிடித்து, இரவு ஒரு மணிக்குத் தேங்காய் உடைத்துப் புறப்படுவோம். கோயில் ஒன்று, கடல் ஒன்று. இதுதான் வழக்கமான பயணத் திட்டம். மலையில் பிறந்து, மலையில் கொழுந்து பறித்து, மலையிலேயே கண்மூடுகிற எங்கள் பெண்கள் பலருக்கு வருடத்தில் தங்களுக்கென்று இருக்கும் நாள் அந்த ஒன்றுதான்.

சென்ற வருடம் அந்தச் சுற்றுலாவே நின்றுபோகும் நிலை வந்தது. பக்கத்து டிவிசனைச் சேர்ந்த 19 வயதுப் பையன் ஒருவன் ஜூலை மாதம் நண்பர்களோடு வேன் பிடித்து மேற்குக் கரைக்குப் போனான். மறுநாள் பெட்டியில் திரும்பி வந்தான். இடுப்பளவுத் தண்ணீரில்தான் நின்றானாம். சிறு வயதிலிருந்தே ஆற்றில் நீந்திப் பழகியவன். சாவு வீட்டில் அவனுடைய தாயார், "தண்ணி தெரிஞ்ச புள்ள, தண்ணி தெரிஞ்ச புள்ள" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார்.

அடுத்து வந்த சங்கக் கூட்டத்தில் வயதில் மூத்த ஒரு பெரியம்மா எழுந்து, இனிமேல் கடல் பக்கம் போகவே கூடாது என்று தீர்மானம் எழுதச் சொன்னார். பலர் தலையாட்டினார்கள். அப்போது குவைத்தில் எட்டு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்த அக்கா ஒருவர் பேசினார். "அந்த வீட்டுப் புள்ளைங்களக் கடல்ல வெளையாட விட்டுட்டு என்னைத்தான் காவலுக்கு நிப்பாட்டுவாங்க. எனக்கு நீச்சல் தெரியுமான்னு ஒருத்தரும் கேட்டதில்ல. எட்டு வருஷமும் கரையில நின்னு பயந்துக்கிட்டேதான் இருந்தேன். எம்மகளும் அப்பிடி நிக்க வேணாம். கடலப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டுப் போவோம்."

அவர் சொன்னதே தீர்மானமாயிற்று. நான் முன்பள்ளி ஆசிரியை, சங்கத்தின் செயலாளரும்கூட. அதனால் விசாரித்து வந்து சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. மீன்பிடிக்கும் குடும்பங்களிடமும், உயிர்காப்பாளர் பயிற்சி பெற்ற ஒரு தம்பியிடமும், எங்கள் மருத்துவத் தாதியிடமும் கேட்டறிந்ததையும், படித்ததையும், நாங்கள் போய்ப் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன். மற்றத் தோட்டங்களில் சுற்றுலாவுக்குக் காசு சேர்க்கும் சகோதரிகளுக்கும் இது உதவும்.

ஆற்றுத் தண்ணீர் வேறு, கடல் தண்ணீர் வேறு

தண்ணீர் எங்களுக்குப் புதிதல்ல. பீலியில் குளித்து, ஓடையைத் தாண்டி மலைக்குப் போய், மழையிலேயே அரைநாள் நிற்கிறவர்கள் நாங்கள். இலங்கையில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் வட்டவளையும் ஒன்று. ஆண்டுக்கு ஏறக்குறைய 5,000 மில்லிமீற்றர் மழை. கொழும்பில் பெய்வதைப்போல இது இரண்டு மடங்கு. ஹட்டன், கினிகத்தேனைப் பக்கத்து மேட்டில் விழும் மழையில் ஒரு பங்கு மகாவலியில் சேர்ந்து திருகோணமலையின் கொட்டியாரக் குடாவுக்குப் போகிறது. மறுபக்கம் வடிவது களனி கங்கையோடு போய்க் கொழும்புக்கு வடக்கே கடலில் விழுகிறது. இலங்கையின் இரு கரைகளுக்கும் இங்கிருந்து தண்ணீர் போகிறது என்று முன்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொன்னால் வாயைப் பிளந்து கேட்பார்கள்.

ஆனாலும் ஆற்றை வைத்துக் கடலைக் கணக்குப் போடக்கூடாது. ஆறு ஒரு பக்கமாகத்தான் ஓடும். எங்கே ஆழம், எங்கே பாறை என்று ஊரில் உள்ளவர்களுக்குத் தெரியும். கடலில் நேற்று மேடாக இருந்த மணல் இன்று பள்ளமாக இருக்கும். முழங்கால் அளவில் நிற்கும்போது ஓர் அலை வந்து திரும்பினால் காலடி மணலையும் வாரிக்கொண்டு போய்விடும். அடுத்த அலை வரும்போது நாம் இடுப்பளவில் நிற்போம். ஆற்றில் நீந்தத் தெரிந்தவனுக்குக் கரை எப்போதும் பக்கத்தில் இருக்கும். கடலில் கரை ஒரு பக்கம் மட்டுமே.

எங்கள் மழையே நாட்காட்டி

நான் கேட்டறிந்தவற்றுள் எங்கள் பெண்கள் சட்டென்று பிடித்துக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை வட்டவளையைப் போட்டு நனைக்கிற தென்மேற்குப் பருவக் காற்று, மலைக்கு வருமுன் மேற்குக் கடலைக் கடந்துதான் வருகிறது. இங்கே படங்கைக் கட்டிக்கொண்டு கொட்டும் மழையில் கொழுந்து பறிக்கும் நாட்களில், நீர்கொழும்பிலும் கல்கிசையிலும் ஹிக்கடுவையிலும் காலியிலும் கடல் கொந்தளித்துக் கிடக்கும். அந்தப் பையன் போனது ஜூலை மாதத்தில்.

அதே மாதங்களில் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். மலை காற்றைத் தடுத்து மழையை நம் பக்கமே கொட்டிவிடுவதால், திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் வெயிலும் வரண்ட காற்றும்தான். மீனவர்கள் இந்தக் காலத்துக் காற்றைச் சோளகம் என்றும் கச்சான் என்றும் சொல்கிறார்கள். நவம்பர் முதல் ஜனவரி, பெப்ரவரி வரை நிலைமை தலைகீழ். வாடைக்காற்று வீசும். கிழக்கில் கடும் மழையும் பெரிய அலையும். புயல்களும் பெரும்பாலும் அந்தப் பக்கமாகவே வரும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா கிழக்குக் கரையால் ஏறி வந்து மலைநாட்டையும் என்ன செய்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. டிசெம்பர் முதல் ஏப்ரல் வரை மேற்கும் தெற்கும் அமைதியான கரைகள்.

பாடசாலை விடுமுறையை இதோடு பொருத்திப் பாருங்கள். ஆகஸ்ட் விடுமுறை என்றால் கிழக்கு. டிசெம்பர் விடுமுறை என்றால் மேற்கு. ஏப்ரலில் இரண்டு பக்கமும் பொதுவாகப் பரவாயில்லை, ஆனால் பிற்பகலில் இடி மின்னல் வரும் காலம் அது. வானம் இருண்டு முழக்கம் கேட்டதுமே தண்ணீரை விட்டு வெளியேறி, பஸ்ஸுக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விட வேண்டும். தென்னை மரத்தடி ஒதுங்கும் இடமல்ல.

சிக்கல் என்னவென்றால், நாம் கடலை மட்டும் பார்த்து நாள் குறிப்பதில்லை. கோயிலைப் பார்த்துக் குறிக்கிறோம். கதிர்காமத்து ஆடித் திருவிழா தென்மேற்குக் காற்றின் நடுவில் வருகிறது. அதற்குப் போகும் பஸ்கள் தங்காலையிலும் கிரிந்தையிலும் நிற்கும், பிள்ளைகள் ஓடிப்போய் இறங்குவார்கள். முன்னேஸ்வரத்துத் திருவிழாவும் ஆகஸ்ட், செப்டெம்பர் பக்கம். சிலாபத்துக் கடல் கோயிலுக்குக் கிட்டத்தான். இந்த இரண்டு பயணத்திலும் கடலைக் கண்ணால் பார்ப்பது, கரையில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரிப்பது, அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறோம். குளிக்கத்தான் வேண்டும் என்றால், அதே ஆகஸ்டில் திருக்கோணேஸ்வரம் போய் நிலாவெளி அல்லது உப்புவெளி, மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போய்ப் பாசிக்குடா, நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்க் காரைநகர் கசூரினாக் கடற்கரை என்று வைத்துக்கொள்ளலாம். சாமியும் குறையாது, கடலும் குறையாது.

கல்குடாவில் கேட்டது

சென்ற ஆகஸ்டில் நாங்கள் பாசிக்குடாவுக்குப் போனோம். நாவலப்பிட்டி, கண்டி, ஹபரணை, பொலன்னறுவை, வாழைச்சேனை என்று இரவெல்லாம் ஓட்டம். (சாரதிக்குத் தூக்கம் வராமல் பார்த்துக்கொள்ள முன் இருக்கையில் இரண்டு பேரை மாறி மாறி உட்கார வைத்தோம். கடலில் தப்பி றோட்டில் மாட்டக்கூடாது அல்லவா?) பாசிக்குடா வளைந்த குடா. வெளியே உள்ள பவளப் பாறைகள் அலையை உடைத்துவிடுவதால் உள்ளே தண்ணீர் தட்டில் வைத்த மாதிரி இருக்கும். வெகுதூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேல் போகாத இடங்கள் உண்டு.

ஆனால் பக்கத்திலேயே உள்ள கல்குடா அப்படியல்ல. அது திறந்த கடல். ஆட்கள் குறைவு, மணல் அழகு என்று எங்கள் பெண்பிள்ளைகள் நாலு பேர் அந்தப் பக்கம் நடந்து போனார்கள். நானும் கூடப் போனேன். ஓரிடத்தில் இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் மட்டும் அலையே இல்லாமல் சற்றுக் கறுத்து அமைதியாக இருந்தது. "டீச்சர், இங்கதான் அலை இல்ல, இங்க எறங்குவோமா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவ ஐயா தலையை நிமிர்த்தி, "அதுக்குள்ள போகாதீங்க மகள், அது தண்ணி திரும்பிப் போற வாய்க்கால்" என்றார். ஒரு தேங்காய் மட்டையை எடுத்து அதற்குள் எறிந்து காட்டினார். மட்டை கரைக்கு வரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அலை உடையும் இடத்தையும் தாண்டிப் போய்விட்டது.

அதைத்தான் இழுவை நீரோட்டம் என்கிறார்கள். அலைகள் ஓயாமல் தண்ணீரைக் கரைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. வந்த தண்ணீர் திரும்பிப் போக வேண்டும். அது மணல் மேடுகளுக்கிடையே உள்ள பள்ளத்தைத் தேடிப் பிடித்து, குறுகிய ஓடையாகக் கடலை நோக்கி ஓடுகிறது. வேகமாக ஓடும்போது வினாடிக்கு 2 மீற்றரையும் தாண்டும். ஒலிம்பிக் போட்டியில் நீந்துகிறவர்களுக்கும் அதை எதிர்த்து வருவது முடியாத காரியம். ஆழம் அதிகமாக இருப்பதால் அங்கே அலை உடைவதில்லை, அதனால் கண்ணுக்கு அதுதான் பயமில்லாத இடமாகத் தெரிகிறது. அமைதியான இடத்தில் இறங்குவது ஆற்றில் சரியான புத்தி. கடலில் அதே புத்தி ஆளைக் கொல்லும். தண்ணி தெரிந்த பிள்ளை எப்படிப் போனான் என்று எனக்கு விளங்கியது அந்தக் கரையில்தான்.

இந்த நீரோட்டம் ஆளைக் கீழே இழுப்பதில்லை. வெளியே மட்டும் கொண்டுபோகிறது. அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் பெரும்பாலும் அதன் வேகம் அடங்கிவிடும். சாகிறவர்கள் அதிகமாகச் சாவது, கரையைப் பார்த்து எதிர்த்து நீந்திக் களைத்துப் போவதால். அகப்பட்டால் செய்ய வேண்டியது மூன்று. மல்லாந்து மிதக்க வேண்டும். ஒரு கையைத் தூக்கிக் காட்டிக் கத்த வேண்டும். நீந்தத் தெரிந்தால் கரையை நோக்கியல்ல, கரைக்குப் பக்கவாட்டாக நீந்தி ஓடையை விட்டு விலகி, பிறகு அலை உடையும் பக்கமாக வர வேண்டும். நீந்தத் தெரியாதவர்கள், அதாவது எங்களில் முக்காலே மூன்று வீசம் பேர், இறங்குமுன் பத்து நிமிடம் நின்று கடலைப் பார்த்துவிட்டு, உள்ளூரார் ஒருவரிடம் "எங்கே குளிக்கலாம்?" என்று கேட்டுவிட்டு, அப்புறமும் முழங்காலுக்கு மேல் போகாமல் நிற்பதுதான் வழி. கேட்பதில் வெட்கமில்லை. தோட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களும் அட்டைக்கு என்ன செய்வது என்று எங்களைத்தானே கேட்கிறார்கள்?

கல்கிசை போன்ற சில கரைகளில் பொலிஸ் உயிர்காப்புப் பிரிவினர் கடமையில் இருக்கிறார்கள். மேலே சிவப்பும் கீழே மஞ்சளும் உள்ள கொடிகள் இரண்டு நட்டிருந்தால் அவற்றுக்கு இடையில் குளிக்கலாம், உயிர்காப்பாளர் கண்ணில் இருப்போம். தனிச் சிவப்புக் கொடி என்றால் ஆபத்து, இறங்கக்கூடாது. பல நாட்டுக் கடற்கரைகளிலும் இதே பொருள்தான் என்பதால், வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்களும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மல்லாந்து மிதந்த நாள்

பாசிக்குடாவுக்கே திரும்பி வருகிறேன். அங்கே இடுப்பளவுத் தண்ணீரில், ஒருவர் முதுகுக்குக் கீழே இன்னொருவர் கை கொடுத்து, எங்கள் பெண்கள் மிதக்கப் பழகினார்கள். காதுகள் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், நாடியை மேலே தூக்க வேண்டும், வயிற்றை உயர்த்திக் கைகளை விரிக்க வேண்டும், மூச்சை நிதானமாக விட வேண்டும். உப்புத் தண்ணீர் ஆற்றுத் தண்ணீரைவிட ஆளைத் தூக்கிக் கொடுக்கும். முதலில் கீச்சிட்டார்கள், கட்டிப்பிடித்தார்கள், மூக்கில் தண்ணீர் ஏறி இருமினார்கள். ஒரு மணி நேரத்தில் ஏழு பேர் தாங்களாக மிதந்தார்கள். 30 வருடம் கூடை சுமந்த முதுகு ஒன்று தண்ணீரில் கிடந்ததைப் பார்த்தேன். "முதுகுக்குப் பாரமே இல்லாத மாதிரி இருக்கு டீச்சர்" என்று அவர் வானத்தைப் பார்த்தபடியே சொன்னார். கடலே வேண்டாம் என்று தீர்மானம் எழுதச் சொன்ன அதே பெரியம்மாதான் அவர்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் 29 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். கால்வாசிப் பேர் ஐந்து வயதை எட்டாத குழந்தைகள். வங்காளதேசத்தில் கிராமக் குளங்களில் மூங்கில் மேடை கட்டிப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறார்கள். சிறு குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஊர்ப் பராமரிப்பு நிலையங்களை நடத்தி, சாவைப் பெருமளவு குறைத்திருக்கிறார்கள். பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிற சகோதரிகள் தங்கள் வேலையின் மதிப்பை இதிலிருந்தும் தெரிந்துகொள்ளலாம். நம் நாட்டில் அறுகம்பையில் 2018இல் பெண்களுக்கென்றே அலைச்சறுக்குக் கழகம் ஒன்று தொடங்கப்பட்டது. கடல் ஆண்பிள்ளைகளின் இடம் என்ற பேச்சு அந்தக் கரையிலேயே மாறிக்கொண்டிருக்கிறது.

உடுப்பு விஷயத்தை வெளிப்படையாகப் பேசத்தான் வேண்டும். சேலையோடும் நைட்டியோடும் இறங்குவது ஆபத்து. நனைந்த துணி காலைச் சுற்றிக்கொள்ளும், அலையில் விழுந்தால் எழும்ப விடாது. அரைகுறையாக உடுத்தச் சொல்லவில்லை. இறுக்கமான கால்சட்டையும் நீளமான ரீசேர்ட்டும், அல்லது சால் இல்லாத சுடிதாரும் போதும். உடை மாற்ற இடம் இல்லாத கரைகளில் இரண்டு படங்கும் நாலு கம்பும் கொண்டுபோய் மறைப்புக் கட்டினோம். தோட்டத்துப் பெண்களுக்கு இது ஒரு வேலையா? மாதவிடாய் நாளில் வந்தவர்களைக் கரையில் பிள்ளைகளை எண்ணும் பொறுப்பில் வைத்தோம். யாரும் காரணம் கேட்கவில்லை.

ரியூப்பும் போத்தலும்

வாடகைக்குக் கிடைக்கும் லொறி ரியூப்பை நம்பாதீர்கள். ஆகஸ்ட் மாதத்துக் கிழக்குக் கரையில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் நேரங்கள் உண்டு. தண்ணீர் தட்டையாகத்தான் தெரியும். ரியூப்பில் ஏறிப் படுத்த பிள்ளை, நாம் ரொட்டிக்குச் சம்பல் வைத்து நிமிர்வதற்குள் தூரத்தில் இருக்கும். ரியூப்பை விட்டுக் குதித்தால் ஆழம். உடம்போடு கட்டும் உயிர்காப்பு அங்கி வேறு, ரியூப் வேறு. சின்னப் பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும் நேரம் முழுவதும் ஒரு பெரியவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவர் கையில் தொலைபேசி இருக்கக்கூடாது. மூழ்கும் பிள்ளை படத்தில் காட்டுவதுபோலக் கூச்சலிடாது. வாய் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வந்து போகும், சத்தமே வராது.

போத்தல் விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆண்கள் கூட வரும் பயணங்களில் குடித்தவர் தண்ணீரில் இறங்கக்கூடாது என்பதைப் புறப்படுமுன் பஸ்ஸிலேயே சொல்லிவிடுகிறோம். ஊர் திரும்பும் வரை போத்தல் ஏறாது என்ற நிபந்தனையில்தான் இருக்கை. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வராமல் நின்றார்கள். நிற்கட்டும். போகும் வழியில் கித்துல்கலையில் ஆற்றில் குளிக்க இறங்குவதற்கும் இதே சட்டம். அங்கே மேலே உள்ள மின்சார நிலையங்களிலிருந்து தண்ணீர் திறந்தால் ஆறு சடுதியாக ஏறும் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

ஒருவர் இழுபட்டால்

உடனே குதிக்கத் தோன்றும். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேர் போன குடும்பங்கள் உண்டு. கையில் அகப்படும் மிதக்கிற பொருளை எறிய வேண்டும். மூடியை இறுக்கிய 5 லீற்றர் வெற்றுத் தண்ணீர்க் கான் ஒரு ஆளை மிதக்க வைக்கும். சேலை ஆறு யார், அதாவது ஐந்தரை மீற்றர் நீளமுள்ள கயிறு. 2020 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் பெரம்பலூர் மாவட்டத்தில், கொட்டரை அணையில் மூழ்கிய இளைஞர்களுக்குத் துணி துவைக்கப் போன மூன்று பெண்கள் தாங்கள் கட்டியிருந்த சேலைகளைக் களைந்து எறிந்து இருவரைக் கரை சேர்த்தார்கள். தமிழ்நாடு அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. மானம் என்ன ஆகும் என்று அந்தப் பெண்கள் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அந்த இருவரும் இல்லை.

கரைக்குக் கொண்டுவந்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் பழைய பழக்கம். அது நேரத்தை வீணாக்கும், வயிற்றில் உள்ளது மூச்சுக்குழாய்க்குள் போகவும் வைக்கும். மல்லாத்திப் படுக்க வைத்து மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து முதலில் இரண்டு முதல் ஐந்து தடவை ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து வேகமாக 30 தடவை அழுத்தி, 2 தடவை ஊதி, உதவி வரும் வரை இதையே தொடர வேண்டும். அதே நேரம் இன்னொருவர் 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும். சுவசெரிய என்ற இந்தச் சேவைக்குக் காசு இல்லை. பொலிஸுக்கு 119. படித்தால் மட்டும் இது கை வராது. மருத்துவத் தாதியிடமோ முதலுதவிப் பயிற்சியாளரிடமோ கேட்டு, ஒரு தலையணையை வைத்தாவது சங்கத்தில் பழகிப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. 2004 டிசெம்பர் 26, போயா தினத்தன்று காலை, பல கரைகளில் கடல் உள்வாங்கியது. மீன் பொறுக்கவும் வேடிக்கை பார்க்கவும் போனவர்களைத் திரும்பி வந்த அலை கொண்டுபோனது. இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் தீவில் ரில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, இரண்டு வாரத்துக்கு முன் புவியியல் பாடத்தில் படித்ததை வைத்துச் சுனாமி வரப்போகிறது என்று பெற்றோரிடம் சொல்ல, அந்தக் கரையில் நின்றவர்கள் ஓடித் தப்பினார்கள். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால், தரை பலமாக நடுங்கினால், உயரமான இடத்துக்கு ஓட வேண்டும் என்று என் முன்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மலைப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. பிள்ளைகள் என்றும் மலையிலேயே இருக்கப் போகிறார்களா?

சின்ன உபத்திரவங்கள் சில. குளிரில் வாழ்ந்து பழகிய உடம்பு கரையோர வெக்கையில் தளர்ந்துவிடும். பிரஷர், சீனி உள்ள அம்மாமார் காலை பத்து மணிக்குப் பிறகு நிழலில் இருப்பதும், தாகம் வருமுன்பே தண்ணீர் குடிப்பதும் நல்லது. பவளப் பாறை உள்ள இடத்தில் செருப்போடு நடக்க வேண்டும். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் நீல நிறக் குமிழ்களும் சொறி மீன்களும் செத்த பிறகும் சுணைக்கும். பட்ட இடத்தைத் தேய்க்காமல் கடல் தண்ணீராலேயே கழுவ வேண்டும். மூச்சுத் திணறினால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

தண்ணீர் குடித்துவிட்ட பிள்ளையைப் பற்றி எங்கள் மருத்துவத் தாதி அழுத்திச் சொன்னது ஒன்று உண்டு. மூழ்கி எடுத்த பிள்ளை எழுந்து உட்கார்ந்து சிரித்தாலும், நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்தும் மூச்சு முட்டலாம். ஆகவே அன்றே வைத்தியரிடம் காட்டிவிட வேண்டும். திரும்பும் வழியில் விடாத இருமல், வேகமான மூச்சு, அசாதாரணத் தூக்கம், உதடு நீலம் பாய்தல் எதையாவது கண்டால், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பஸ்ஸை மலையேற்ற வேண்டாம். மேற்கிலிருந்து வருகிறவர்களுக்கு அவிசாவளையில் பெரிய வைத்தியசாலை இருக்கிறது. கிழக்கிலிருந்து வந்தால் பொலன்னறுவையிலும் கண்டியிலும் இருக்கிறது. சாரதியிடம் இதைப் புறப்படும்போதே சொல்லி வையுங்கள்.